கொங்கு நாட்டில் மீயொலிப் படமும் பெண் குழந்தை விகிதமும்

வயிற்றுக் கட்டிகளை மீயொலியால் ஆராய்ந்த முடிவுகளைக் கிளாஸ்கோ மருத்துவர் இயன் டொனால்டும் அவர்தம் குழுவினரும் 1958இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். இரைப்பைப் புற்று முற்றியதாகக் கருதப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது சினைப்பைக் கட்டியே என்பதை அக்கருவி காட்டிற்று. அறுவை சிகிச்சையால் அவர் பிழைத்தார். சிறுநீரகக் கல்லையும் கருப்பைக் கட்டியையும் அறிய இன்றும் அதுவே எளிய வழி.

அதே கருவி கருவின் பாலினத்தையும் காட்டியது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழகத்தில் 942 பெண் குழந்தைகள் இருந்தனர். கொங்கின் வடபகுதியான சேலத்தில் 851, தருமபுரியில் 826. இக்குறைவு முழுவதையும் ஸ்கேன் மீது ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டதற்குக் காரணம், பிறந்தபின் நிகழ்ந்த சிசுக்கொலை. கள்ளிப்பாலும் கருவியும் ஒரே எண்ணுக்குள் கலந்து கிடக்கின்றன.

அவற்றைப் பிரித்தறியத் துணைசெய்யக்கூடிய சான்று ஒன்று உண்டு. 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்த பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் விதிகள், கர்ப்பிணிக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ‘எஃப்’ படிவம் நிரப்பப் பணிக்கின்றன. தாயின் வயது, முன்பிறந்த குழந்தைகளின் பால், சோதனைக்கான காரணம் எனச் சமூக வரலாற்றாய்வுக்கு வேண்டிய செய்திகள் அதிலுள்ளன. ஆயின், வழக்கு நிலுவையில் இல்லாதபோது இரண்டு ஆண்டுகள் பாதுகாத்தால் போதும் என்பதே விதி. ஓலைச்சுவடியைச் செல்லரித்தது என வருந்துகிறோம்; இங்கோ அழிவை விதியே அனுமதிக்கிறது. பெயர் நீக்கிய படிகளையேனும் மாவட்ட அளவில் காப்பகப்படுத்தும் வகையில் அவ்விதி திருத்தப்படல் வேண்டும்.