எம்.ஆர். சீனிவாசன்: கல்பாக்கத்துக்கு ஆன 16 வருடம்

சிவகாசிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பழைய கதை தெரியும். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பிறகு ஊரிலேயே சொந்தமாக ஆரம்பித்தார்கள். பட்டாசும் அச்சுத் தொழிலும் அதன் தொடர்ச்சியாக வளர்ந்தவைதான்.

வெளியே கற்று வந்து இங்கே செய்து காட்டும் இந்தக் கதை அணு மின்சாரத்திலும் நடந்திருக்கிறது. அதில் முக்கியமானவர் எம்.ஆர். சீனிவாசன்.

1930-ல் பெங்களூரில் பிறந்தவர். இயந்திரப் பொறியியல் முடித்து, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1955-ல் அணுசக்தித் துறையில் சேர்ந்தார். ஹோமி பாபாவின் தலைமையில், 1956-ல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கிய அப்சரா உலையில் வேலை செய்தார். இந்தியாவின் முதல் அணு உலை அதுதான்.

முதல் அணுமின் நிலையமான தாராப்பூரை அமெரிக்க நிறுவனம் ஒன்று கட்டி முடித்துக் கையில் கொடுத்தது. 1969-ல் மின்சாரம் வந்துவிட்டது. கல்பாக்கம் அப்படி இல்லை. 1967-ல் அதன் தலைமைத் திட்டப் பொறியாளராக சீனிவாசன் பொறுப்பேற்றார். வடிவமைப்பின் மூலம் கனடாவுடையது, ஆனால் கட்டும் பொறுப்பு இந்தியர்களுடையது. அவ்வளவு துல்லியமான பெரிய பாகங்களை இங்குள்ள தொழிற்சாலைகள் அதுவரை செய்ததே இல்லை.

1974-ல் பொக்ரான் சோதனை நடந்தது. கனடா உதவியை நிறுத்திவிட்டது! ராஜஸ்தானில் பாதியில் நின்ற இரண்டாவது உலையையும் இந்தியப் பொறியாளர்களே முடிக்க வேண்டியதாயிற்று. கல்பாக்கத்தின் முதல் உலை இயங்கத் தொடங்கியது 1983 ஜூலையில்தான். 37 வயதில் பொறுப்பேற்றவருக்கு அப்போது வயது 53.

வணிகவியல் மாணவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். இத்தனை வருடம் வருமானம் இல்லாமல் முடங்கிய முதலீடு, கணக்குப்படி பெரிய இழப்பு. ஆனால் கல்பாக்கத்தில் கற்ற வேலைதான் நரோரா, கக்ராபார், கைகா உலைகளுக்கு அடித்தளமானது. அந்தத் திறமையை எந்த ஐந்தொகையில் எழுதுவது?

1987-ல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார். அதே வருடம் அரசுத் துறைக்குள் இருந்த அணுமின் வாரியம், கம்பெனிச் சட்டப்படி இந்திய அணுமின் கழகமாக மாறியது. அதன் முதல் தலைவரும் அவரே.

குறையும் உண்டு. 2000-க்குள் 10,000 மெகாவாட் என்பது 1980-களில் போட்ட திட்டம். 2000-ல் 3,000 மெகாவாட்டைக் கூட எட்டவில்லை. அவர் தலைவராக இருந்த 1988-ல் கையெழுத்தான கூடங்குளம் ஒப்பந்தமும் சோவியத் யூனியன் உடைந்ததால் தள்ளிப்போனது. முதல் உலை இயங்கியது 2013-ல். அதற்கு முந்தைய சில வருடங்கள் மின்வெட்டில் சிவகாசி அச்சகங்கள் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். கூடங்குளத்தைச் சுற்றியிருந்த மீனவர்களின் பயமும் போராட்டமும் தனிக் கதை. மருந்தோடு வேலை செய்யும் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை.

2015-ல் பத்ம விபூஷண் பெற்ற சீனிவாசன், 2025 மே மாதம் ஊட்டியில் 95-வது வயதில் காலமானார். தாமதத்துக்கு நாடு கொடுத்த விலை பெரியது. ஆனால் 1974-ல் கனடா கையை விரித்தபோது வேலை நின்றுபோகாமல் இருந்ததற்கு, அரசு வேலையிலேயே முப்பது வருடத்துக்கு மேல் நிலைத்து நின்ற இவரைப் போன்றவர்கள்தான் காரணம்.