கியர் போய்விட்டதா?

மாலை நேரம். மயிலாப்பூர் லஸ் முனையில் பச்சை விளக்கு விழுகிறது. வண்டிகள் எல்லாம் புறப்படுகின்றன. நடுவில் நின்ற ஒரு கார் மட்டும் அசையவில்லை. பார்வைக்குப் புதியது போலவே இருந்தாலும் அதற்கு வயது பதினான்கு. பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கார், அதாவது கலப்பினக் கார், அது. கருவிப் பலகையில் சிவப்பு முக்கோணம் ஒளிர்கிறது. பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். நாலு பேர் கூடித் தள்ளி ஓரம் கட்டுகிறார்கள். கூட்டத்தில் ஒருவர், "கியர் போய்விட்டது சார்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

தீர்ப்புச் சொல்வது எளிது; அதற்குத் தண்டம் கட்டுவது கடினம். இத்தகைய காரில் கியர் பெட்டியை முழுதாக மாற்றுவதென்றால், அதற்காகும் பணத்தைவிட அந்தப் பழைய காரின் விலையே குறைவாக இருக்கலாம். கார் பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டு முடிந்தால், தகுதிச் சோதனை நடத்தி ஐந்தைந்து ஆண்டாகத்தான் பதிவைப் புதுப்பிப்பார்கள். அந்த நாளும் நெருங்கிவிட்டது. பழுது பார்ப்பதா, எடைக்குப் போடுவதா? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், இக்காரில் "கியர்" என்பது எது, அது எப்படி வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேரும் டிராமும்

பங்குனியில் கபாலீசுவரர் தேர் புறப்படுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நிலையில் நிற்கும் தேரை முதல் அடி நகர்த்துவதற்குத்தான் அத்தனை பேரும் மூச்சுப் பிடித்து வடம் இழுக்க வேண்டும். உருள ஆரம்பித்துவிட்டால் அவ்வளவு பலம் வேண்டாம். காரும் அப்படித்தான். புறப்படும்போது மிகுந்த முறுக்குவிசை வேண்டும். ஓடும்போது வேகம் வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினின் குணமோ இதற்கு நேர்மாறானது. நின்ற நிலையில் அதற்குப் பலமே கிடையாது. நிமிடத்துக்குப் பல நூறு சுற்றுகள் சுற்றினால்தான் இழுக்கத் தொடங்கும். ஆகவேதான் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே பற்சக்கரங்கள் நிறைந்த ஒரு பெட்டியும், இரண்டையும் பிரித்துச் சேர்க்க ஒரு கிளட்சும் தேவைப்பட்டன.

மின்சார மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. நின்ற நிலையிலேயே அது முழுப் பலத்தோடு இழுக்கும். இதைச் சென்னை மக்கள் வெகுகாலம் முன்பே கண்ணால் கண்டுவிட்டார்கள். இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் இந்நகரில்தான் ஓடியது. பின்னர் அது மயிலாப்பூர் வரைக்கும் வந்தது. ஓட்டுநர் கியர் மாற்றவில்லை. ஒரு கைப்பிடியைத் திருப்பினார், வண்டி நகர்ந்தது. 1953 ஏப்ரலில் டிராம் நின்றுபோகும் வரை அதே கதைதான். அதே சென்னையில், 1903இல் சிம்ப்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். நீராவியும் நின்ற நிலையிலேயே தள்ளக்கூடியதுதான். இவ்விரண்டையும் பெட்ரோல் வென்றதற்குக் காரணம் அதன் இழுவைக் குணம் அன்று. ஒரு டின் எரிபொருளில் வெகுதூரம் போகலாம் என்பதே.

அப்படியானால் பெட்ரோலின் தூரத்தையும் மோட்டாரின் இழுவையையும் ஒரே வண்டியில் சேர்த்தால் என்ன? இந்த எண்ணம் புதிதல்ல. வியன்னாவில் லோனர் கம்பெனிக்காக 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபெர்டினாண்ட் போர்ஷே இதைச் செய்து பார்த்தார். எஞ்சின் மின்சாரத்தை உண்டாக்கியது. சக்கரங்களின் குடத்துக்குள்ளேயே மோட்டார்கள் இருந்தன. கியர் பெட்டியே கிடையாது. இங்கிலாந்தில் தாமஸ் டில்லிங் என்ற பஸ் கம்பெனிக்கு வேறொரு நெருக்கடி. அதுவரை குதிரைகளை ஓட்டிவந்தவர்கள் பஸ் ஓட்ட வந்தார்கள். அக்காலத்துக் கியரை மாற்றும்போது பல்லோடு பல் மோதி நறநறத்தது. ஸ்டீவன்ஸ் என்பவரோடு சேர்ந்து 1911 முதல் டில்லிங்-ஸ்டீவன்ஸ் பெட்ரோல்-மின்சார பஸ்களை அக்கம்பெனி ஓட்டியது. பஸ்ஸில் ஏறும் ஒவ்வொருவரின் முதுகெலும்பும் அதற்கு நன்றி சொல்லியிருக்கும்!

எனினும் இம்முறையில் ஒரு நட்டம் உண்டு. எஞ்சினின் ஆற்றலை மின்சாரமாக்கி, அதைத் திரும்பச் சுழற்சியாக்கும்போது இரண்டிடத்திலும் கொஞ்சம் வெப்பமாக வீணாகிறது. 1928இல் கேடிலாக் காரில் நறநறப்பில்லாமல் கியர் மாற்றும் அமைப்பு வந்தது. சாலையில் பெட்ரோல்-மின்சார முறை செல்வாக்கு இழந்தது. ரயிலில் மட்டும் அது நிலைத்தது. எழும்பூரிலிருந்து தென்மாவட்டங்களுக்கு மீட்டர் பாதை ரயில்களை இழுத்த டீசல் எஞ்சின்கள் இந்த இனத்தவைதாம்.

சூரியனும் கிரகங்களும்

நட்டத்தைக் குறைக்க வழி, ஆற்றல் முழுவதையும் மின்சாரமாக்காமல் ஒரு பங்கை நேராகச் சக்கரத்துக்கு அனுப்புவது. அமெரிக்காவில் டி.ஆர்.டபிள்யூ. என்ற நிறுவனத்தின் பொறியாளர்கள் கிரகப் பற்சக்கரத்தைக் கொண்டு இப்படிப் பங்கிடும் அமைப்புக்கு 1971இல் காப்புரிமை பெற்றார்கள். அதை வேகமாகக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சாதனங்கள் கைக்கு வர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டாவின் பிரியஸ் விற்பனைக்கு வந்தது. 2010இல் அதன் மூன்றாம் தலைமுறை இந்தியாவுக்கும் வந்தது. 2013 முதல் அதே வழியில் இயங்கும் காம்ரி ஹைப்ரிட் கர்நாடகத்தின் பிடதியில் பூட்டப்பட்டது.

இதன் கியர் பெட்டியைத் திறந்து பார்த்தால் நீங்கள் ஏமாந்து போவீர்கள். முதல் கியர், இரண்டாம் கியர் என்று எதுவும் இல்லை. ரிவர்ஸ் கியரும் இல்லை. மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் கார் பின்னால் போகிறது. ஆற்றலைப் பங்கிடுவது ஒரே ஒரு பற்சக்கரக் கூட்டம்தான். நடுவில் 30 பற்கள் கொண்ட சூரியச் சக்கரம். அதைச் சுற்றிக் கிரகச் சக்கரங்கள். வெளியே, உட்புறம் 78 பற்கள் வெட்டிய வளையம். கோயிலில் நவக்கிரகங்கள் ஒன்றையொன்று பாராமல் நிற்கும். இங்கே கிரகங்கள் பல்லோடு பல் கோத்தே நிற்கின்றன. கிரகங்களைத் தாங்கும் சட்டத்தோடு எஞ்சின் சேர்ந்திருக்கிறது. சூரியனோடு முதல் மின்பொறி. வளையத்தோடு இரண்டாவது மின்பொறியும் காரின் சக்கரங்களும்.

ஒரு கணக்குப் போடுவோம். கார் நிற்கிறது, ஆகவே வளையம் சுற்றவில்லை. எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடுகிறது. 30உம் 78உம் சேர்ந்தால் 108. அதை 30ஆல் வகுத்தால் 3.6. எனவே சூரியன் 3,600 சுற்று சுற்றும். அதாவது கார் நிற்கும்போதும் கிளட்ச் இல்லாமலேயே எஞ்சின் ஓட முடிகிறது. சூரியனோடு சேர்ந்த மின்பொறி மின்சாரம் எடுக்கத் தொடங்கினால் சூரியனைப் பிடித்து இழுத்தது போலாகும். அந்தப் பிடிமானத்தில்தான் எஞ்சினின் விசை வளையத்தின் மேல் விழுகிறது. 108 பங்கில் 78, அதாவது நூற்றுக்கு 72 பங்கு, வளையத்துக்கு. மீதி 28 பங்கு சூரியனுக்கு.

இப்போது நம் லஸ் முனைக் காருக்கு வருவோம். ஈரப் போர்வையை இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்துப் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கையை விட்டுவிட்டால் மற்றவர் எவ்வளவு முறுக்கினாலும் போர்வை சும்மா சுழலும். ஒரு சொட்டு நீர் வராது. சூரியனைப் பிடித்திருக்கும் மின்பொறி கையை விட்டாலும் இதே கதிதான். எஞ்சினின் விசைக்கு ஊன்ற இடமில்லை. சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. இதை உணர்ந்த கணிப்பொறி எஞ்சினையும் நிறுத்திவிடுகிறது. பற்கள் எல்லாம் முத்துப் போல முழுசாக இருக்கும். ஆனாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் "கியர் போன" கார்தான் அது.

2014 பிப்ரவரியில் நடந்தது இதற்குச் சான்று. உலகெங்கும் மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் கார்கள் ஏறத்தாழ 19 லட்சத்தை டொயோட்டா திரும்ப அழைத்தது. பேட்டரியின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ற மாறுமின்சாரமாக்கும் இன்வர்ட்டருக்குள் சில டிரான்சிஸ்டர்கள் அளவுக்கு மீறிச் சூடேறிப் பழுதாகக்கூடும், ஓடும் கார் நின்றுபோகலாம் என்று தெரியவந்ததே காரணம். அதற்குச் செய்த மருத்துவம், கணிப்பொறியின் கட்டளைகளைத் திருத்தி எழுதியது! அதற்கு முன் 2012 நவம்பரில், முந்தைய தலைமுறைக் கார்களில் இன்வர்ட்டருக்குக் குளிர்நீர் ஓட்டும் சிறு மின்சாரப் பம்பு பழுதாவது கண்டு அதையும் மாற்றிக் கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் பம்பு நின்றால், ஒன்றரை டன் கார் நிற்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

ஆகவே "பெட்டியை மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால், எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். கணிப்பொறியில் பதிவான பிழைக் குறி எண் என்ன? இன்வர்ட்டரின் குளிர்நீர்த் தொட்டியில் நீர் அசைகிறதா? பன்னிரண்டு வோல்ட் சாதாரண பேட்டரிக்கு வயது எத்தனை? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். கணிப்பொறிகளை விழிப்போடு வைத்திருப்பது அந்தச் சிறு பேட்டரிதான். அது தளர்ந்தால் சம்பந்தமில்லாத விளக்குகள் எல்லாம் எரியும்.

பெட்டிக்குள்ளேயே பழுது ஏற்படுவதும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. இரு மின்பொறிகளின் கம்பிச் சுருள்களும் பற்சக்கரங்களோடு ஒரே உறைக்குள், ஒரே எண்ணெயின் நடுவே இருக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல வெப்பத்தால் சுருளின் காப்புப் பூச்சு நலிகிறது. எண்ணெயில் உலோகத் துகள் சேர்கிறது. காப்பு எப்படியிருக்கிறது என்பதை மெகர் என்னும் கருவியால் அளந்து சொல்லிவிடலாம். பேரிங் தேய்ந்தால் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை ஓசை கேட்கும். சுருள் எரிந்துவிட்டதென்று அளந்து காட்டினால், அப்போது பெட்டியை மாற்றும் பேச்சு நியாயமானது.

நம் ஊரில் இன்னொரு பகையும் உண்டு. அது மழைநீர். 1895இல் டிராமுக்கு மின்சாரக் கம்பியைத் தரைக்குள் கால்வாய் போல் வெட்டிப் பதித்தார்கள். பருவமழை அதில் புகுந்து தொல்லை கொடுக்கவே, பிறகு கம்பியைத் தலைக்கு மேலே கொண்டுபோனார்கள். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு கரை மீறியபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் கார்கள் முழுகி நின்றதை நாம் மறக்கவில்லை. சூடான காற்று வெளியேறக் கியர் பெட்டிக்கு ஒரு சிறு மூச்சுத் துளை உண்டு. வெள்ளத்தில் நின்ற காருக்குள் அதன் வழியே நீர் புகும். வடிகால் திருகைக் கழற்றி எண்ணெயைப் பாருங்கள்: தெளிவாக இருந்தால் நல்லது, பால் விட்ட காப்பி போல் இருந்தால் நீர் கலந்திருக்கிறது. அந்நிலையில் காரை முடுக்கிப் பார்ப்பதே ஆபத்து.

எல்லாக் கலப்பினக் கார்களுக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. 2008 ஜூனில் ஏறத்தாழ 21.5 லட்ச ரூபாய் விலையில் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிவிக் ஹைப்ரிட், சாலையில் கண்டவர்களுக்கு நினைவிருக்கலாம். அதில் மோட்டார் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு உதவி செய்யும். ஆற்றலைக் கடத்துவது விரிந்து சுருங்கும் இரு கப்பிகளும் அவற்றின் மேல் ஓடும் எஃகுப் பட்டையும். ஹாலந்தில் வான் டோர்ன் என்பவர் 1958இல் டாஃப் காரில் ரப்பர் பட்டையால் தொடங்கிய வேலை அது. இங்கே எண்ணெய் அழுத்தமே எல்லாம். பட்டை கப்பியை விடாமல் பற்றிக்கொள்வது அதனால்தான். புறப்படும்போது இந்தக் கார் உதறினால், உரிய எண்ணெய்தான் ஊற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

புதுப்பேட்டையில் எந்தக் காரின் உறுப்பும் கிடைக்கும் என்பார்கள். ஆனால் இந்தப் பழைய இறக்குமதிக் கார்கள் விற்றதே கொஞ்சம். எனவே பழைய உறுப்புகளும் அரிதே. அங்கே வாங்கினாலும் மெகர் வைத்து அளக்காமல் வாங்குவது கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் இறங்குவதாகும். ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளைத் தொடாதீர்கள். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் மின்னழுத்தம் 650 வோல்ட் வரை ஏறும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான்.

லஸ் முனையில் நின்ற காரை இனி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும். கயிறு கட்டி இழுக்க நாலு பேர் முன்வருவார்கள், வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். முன் சக்கரம் சுழன்றால் அதனோடு பிணைந்த மின்பொறியும் சுழலும். சாவியை அணைத்திருந்தாலும் அது மின்சாரம் உண்டாக்கும். பழுதான சுருளில் அது பாய்ந்தால் சிறு பழுது பெரும் பழுதாகிவிடும். முன் சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கியோ, தட்டையான லாரியில் ஏற்றியோதான் அதை லஸ்ஸிலிருந்து நகர்த்த வேண்டும்.