டாய்லெட் கிளீனரும் பிளீச்சிங் பவுடரும்... கலக்காதீங்க மக்களே!

'அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும்' - ஸ்கூல்ல படிச்சது ஞாபகம் இருக்கா? அந்த தைரியத்தில் பாத்ரூமில் கெமிஸ்ட்ரி லேப் வெச்சுடாதீங்க!

பி.ஹெச் அளவு 7-க்குக் கீழே இருந்தால் அமிலம், மேலே இருந்தால் காரம். டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடர், காரத்தன்மை கொண்டது. ஆனால், அதில் ஹைப்போகுளோரைட்டும் இருக்கிறது. அதன்மேல் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப்போரில், 1915-ல் பெல்ஜியம் போர்க்களத்தில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட அதே வாயு! கண் எரியும், இருமல் வரும், மூச்சுத் திணறும். காற்றோட்டம் இல்லாத பாத்ரூம் என்றால் உயிருக்கே ஆபத்து.

ஒரு நேரத்தில் ஒரே கிளீனர் போதும். தவறிக் கலந்துட்டா, கழுவிவிட நிற்காம உடனே வெளியே வந்துடுங்க. இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தா, டாக்டரைப் பாருங்க.