பெட்டிக்குள் புழுக்கமும் ஒரு பிரெஞ்சுக் கடிகாரக்காரரும்

மின்சாரம் ஓடுகிற இடத்தில் சூடு உண்டாகும். மின்சாதனப் பெட்டியை இறுக மூடினால் அந்தச் சூடு உள்ளேயே தங்கிச் சாதனங்களின் ஆயுளைக் குறைக்கும். திறந்து வைத்தால் தூசியும் ஈரமும் பல்லியும் நுழையும். எங்கள் புதுச்சேரி போன்ற கடற்கரை ஊரில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். செம்பு முனைகள் பச்சை பூத்துவிடும்.

கோடையில் பெட்டிக் கதவைத் திறந்துபோட்டு, எதிரே மேசை விசிறியை ஓடவிடும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். மின்சாரம் ஓடும் முனைகள் அப்படித் திறந்து கிடப்பது ஆளைக் கொல்லும். தவிர, விசிறி எவ்வளவு சுற்றினாலும் வெளிக்காற்றைவிடப் பெட்டியைக் குளிரச் செய்யாது.

பெட்டியைத் திறக்காமலே குளிர வைக்கும் ஒரு வழிக்கு வேர் பிரான்சில் இருக்கிறது. ழான் ஷார்ல் அத்தனாஸ் பெல்த்தியே 1785-இல் பிறந்தவர். கடிகாரத் தொழில் செய்தவர். (ஆங்கிலத்தில் படித்தவர்கள் ‘பெல்டியர்’ என்பார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வாயில் அது வருவதில்லை.) முப்பது வயதளவில் தொழிலை விட்டுவிட்டு ஆராய்ச்சியில் இறங்கினார். இரண்டு வேறுபட்ட உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் சூடாகிறது, திசையை மாற்றினால் குளிர்கிறது என்று 1834-இல் கண்டார். 1838-இல் ருஷ்யாவில் லென்ஸ் என்பவர் பிஸ்மத்தும் ஆன்டிமனியும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு நீரை வைத்து உறைய வைத்தார். மின்சாரத்தின் திசையைத் திருப்பி, அதை உருகவும் வைத்தார்.

ஆனாலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் அது வேடிக்கையாகவே இருந்தது. உலோகங்கள் சூட்டை எளிதில் கடத்துவதால், விலக்கிய சூடு திரும்பி வந்துவிடும். 1950-களில் பிஸ்மத் டெல்லுரைடு போன்ற குறைகடத்திகள் வந்த பிறகுதான் விஷயம் கைகூடியது.

இன்று சில பெட்டிகளின் சுவரிலோ கதவிலோ இந்தக் குளிர்விப்பான் பொருத்தப்பட்டிருக்கிறது. குளிர்ந்த முகம் உள்ளே, சூடான முகம் வெளியே. வாயுவும் இல்லை, கம்ப்ரஸரும் இல்லை. உள்ளே புதுக்காற்று நுழையவே வேண்டாம்.

ஒன்றை மறக்கக்கூடாது. இது சூட்டை ஒழிப்பதில்லை. ஒரு மேசையிலிருந்த கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளுவதுபோல வெளியே தள்ளுகிறது. தள்ளுவதற்குத் தான் செலவழித்த மின்சாரத்தின் சூட்டையும் கூடவே சேர்த்து அனுப்புகிறது. அதனால் பெரிய சுமைக்குக் கம்ப்ரஸர்தான் சிக்கனம். சிறிய பெட்டிக்கு இது போதும். வெளிப்பக்கத் தகடுகளில் தூசி அடையாமல் துடைத்து வைக்க ஓர் ஆள் மட்டும் வேண்டும்.