டிராகன் பால் ஃபைட்டர்ஸ்: ஒரு சண்டை விளையாட்டும் அதை ஆடியவர்களின் கருத்துகளும்

டிராகன் பால் ஃபைட்டர்ஸ் என்பது ஜப்பானிய அனிமே தொடரான டிராகன் பால் இசட்டை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்ட ஒரு சண்டை வகை நிகழ்பட விளையாட்டு ஆகும். யோகோஹாமா நகரைச் சேர்ந்த ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் நிறுவனம் இதை உருவாக்கியது. பண்டாய் நாம்கோ நிறுவனம் வெளியிட்டது. 2018 ஜனவரி மாத இறுதியில் மேலை நாடுகளிலும், பிப்ரவரி தொடக்கத்தில் ஜப்பானிலும் விற்பனைக்கு வந்தது. பெயரின் கடைசி எழுத்தை ஆங்கில 'இசட்' ஆக எழுதுவார்கள். தொடரின் பெயரை நினைவூட்டும் சொல்விளையாட்டு அது.

ஒரு விளையாட்டின் வரலாற்றை விற்பனைக் கணக்கைக் கொண்டு எழுதிவிடலாம். வெளியான சில நாட்களிலேயே 20 லட்சம் பிரதிகள் கடைகளுக்கு அனுப்பப்பட்டன. 2023-க்குள் அது ஒரு கோடியைத் தொட்டது. ஆனால் இந்த விளையாட்டைப் பொறுத்தவரை, ஆடியவர்கள் அதைப் பற்றி என்ன சொன்னார்கள், என்ன கேட்டார்கள், கேட்டது கிடைக்க எத்தனை ஆண்டு காத்திருந்தார்கள் என்பதுதான் சுவையான பகுதி.

முன்கதை

அகிரா டோரியாமா வரைந்த டிராகன் பால் மங்கா 1984 முதல் 1995 வரை வார இதழ் ஒன்றில் தொடராக வந்தது. அதன் அனிமே வடிவம் 1986-இல் தொடங்கியது. டிராகன் பால் இசட் 1989-இல் வந்தது. கோகு என்ற வால் முளைத்த சிறுவன் வளர்ந்து, ஒவ்வொரு முறையும் தன்னைவிட வலிமையான எதிரியைச் சந்தித்து, அடிபட்டு, மீண்டும் எழுவதுதான் கதை. அடிப்படையே சண்டை என்பதால் இதை விளையாட்டாக்குவது எளிது என்று தோன்றும். 1993-இல் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்கு வந்த சூப்பர் புடோடென், 2002-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த புடோகாய், 2005-இல் தொடங்கிய புடோகாய் டென்காய்ச்சி எனப் பல விளையாட்டுகள் வந்தன. தொடரின் ரசிகர்கள் அவற்றை வாங்கினார்கள், மகிழ்ந்தார்கள். ஆனால் போட்டிகளில் ஆடும் தேர்ந்த வீரர்கள் பெரும்பாலும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. 'அனிமே விளையாட்டு' என்றால் ரசிகருக்கான நினைவுப்பொருள், திறமைக்கான களம் அல்ல என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது.

2017 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஈ3 கண்காட்சியில் முதல் முன்னோட்டம் திரையிடப்பட்டபோது இந்த எண்ணம் அசைந்தது. ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் என்ற பெயரே அதற்குப் போதுமானதாக இருந்தது. கில்டி கியர், பிளேஸ்புளூ ஆகிய சண்டை விளையாட்டுகளால் தேர்ந்த வீரர்களிடம் மதிப்புப் பெற்ற நிறுவனம் அது.

காலமும் கைகொடுத்தது. மூவர் அணியாக மோதும் விளையாட்டு என்றால் அதுவரை வீரர்களுக்கு நினைவு வருவது மார்வெல் வெர்சஸ் கேப்காம் வரிசைதான். அதன் புதிய பதிப்பு 2017 செப்டம்பரில் வெளியாகி வீரர்களை ஏமாற்றியது. 2018-ஆம் ஆண்டு ஈவோ போட்டியின் பட்டியலில் அதற்கு இடம் இல்லை. டிராகன் பால் ஃபைட்டர்ஸுக்கு இடம் கிடைத்தது. வீடிழந்து நின்ற மார்வெல் வீரர்கள் பலர் இங்கே குடிவந்தார்கள்.

கண்ணுக்குப் பட்டது

ஆடியவர்களில் ஏறத்தாழ எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு கருத்து உண்டு. இது அனிமேயைப் போல இருக்கிறது என்பதல்ல, அனிமேயாகவே இருக்கிறது என்பது. என் பேரன் முதன்முறை இதை எனக்குக் காட்டியபோது, தொலைக்காட்சியில் படம் ஓடுகிறது என்றே சிறிது நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் கையில் இருந்த கட்டுப்பாட்டுக் கருவியைக் கவனித்த பிறகுதான் விளங்கியது.

இதன் பின்னுள்ள நுட்பத்தை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. திரையில் தெரியும் உருவங்கள் கையால் வரைந்தவை அல்ல, முப்பரிமாண மாதிரிகள். கணினி அவற்றை நொடிக்கு 60 முறை வழவழப்பாக நகர்த்த வல்லது. ஆனால் அனிமேயில் ஒரே ஓவியம் இரண்டு மூன்று சட்டங்களுக்கு அசையாமல் நிற்கும்; பிறகு சட்டென்று அடுத்த ஓவியம் வரும். ஆகவே வடிவமைப்பாளர்கள் இடைப்பட்ட அசைவுகளை வேண்டுமென்றே விட்டுவிட்டு, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாக அமைத்தார்கள். முகத்திலும் உடலிலும் விழும் நிழலைக் கணினியின் கணக்குக்கே விடாமல், ஓவியர் எங்கே நிழல் தீட்டுவாரோ அங்கே விழும்படி கையால் திருத்தினார்கள். குத்து விடும் கை கொஞ்சம் நீள வேண்டும் என்றால் மாதிரியையே இழுத்து நீட்டினார்கள். 2014-இல் வந்த கில்டி கியர் எக்ஸ்ஆர்டி விளையாட்டில் இந்நிறுவனம் பழகிய முறை இது. கணினியால் முடிந்ததைக் குறைத்துக்கொண்டு அழகைப் பெற்றார்கள்.

தொடரை ஊன்றிப் பார்த்தவர்களுக்கென்று சில பரிசுகளும் உள்ளே வைக்கப்பட்டிருந்தன. குறிப்பிட்ட இரு பாத்திரங்கள் குறிப்பிட்ட களத்தில் மோதி, குறிப்பிட்ட அடியோடு ஆட்டம் முடிந்தால், அனிமேயில் வந்த காட்சி அப்படியே நிகழும். பாறை நிலத்தில் நாப்பாவிடம் யாம்சா தோற்றால், தொடரில் அவன் குழிக்குள் சுருண்டு கிடந்த அந்தப் புகழ்பெற்ற காட்சி வரும். யாம்சாவை வைத்து இருபது ஆண்டுகளாகக் கேலி பேசிவந்த ரசிகர்களுக்கு இது பெருவிருந்து.

எளிது என்பது குறையா?

கருத்து பிளவுபட்ட முதல் இடம் இது. சண்டை விளையாட்டுகளில் ஒரு சிறப்பு அடியைக் கொடுக்க, விசையைப் பல திசைகளில் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் பிறகு பொத்தானை அழுத்த வேண்டும். புதியவர்கள் மனம் தளர்வது இங்கேதான். டிராகன் பால் ஃபைட்டர்ஸில் பெரும்பாலான சிறப்பு அடிகளுக்குக் கால்வட்டத் திருப்பம் ஒன்றே போதும். ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் தொடர் அடி தானாகவே அமைந்துவிடும். எல்லாப் பாத்திரங்களும் எதிரியை நோக்கிப் பாயலாம், எதிரியின் பின்னால் சட்டென்று தோன்றலாம்.

வாழ்நாளில் சண்டை விளையாட்டு ஆடாத அனிமே ரசிகர்கள் இதனால் உள்ளே வந்தார்கள். முதல் நாளே தங்கள் கோகு கமேஹமேஹா விடுவதைப் பார்த்து நிறைவடைந்தார்கள். பழைய வீரர்களில் ஒரு பகுதியினர் முணுமுணுத்தார்கள். ஒருவரைக் கற்றால் எல்லாரையும் கற்றது போலாகிறது, பாத்திரங்களின் தனித்தன்மை மங்குகிறது என்றார்கள். இன்னொரு பகுதியினர் அதை மறுத்தார்கள். ஒரு பாத்திரத்தை ஆடக் கற்பது எளிது. மூவரைக் கோத்து, எவரை எப்போது துணைக்கு அழைப்பது, எவரை எப்போது மாற்றுவது என்று அறிவதுதான் கடினம் என்பது அவர்கள் வாதம். பின்னவர்கள் பக்கமே உண்மை அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சதுரங்கத்தில் காய் நகர்த்தும் விதிகளை ஒரு மாலையில் கற்றுவிடலாம். ஆட்டத்தை அப்படிக் கற்றுவிட முடியாது.

உறுதியான வேறு குறைகளும் இருந்தன. ஒருமுறை அடி பட்டுவிட்டால் எதிராளியின் தொடர் அடி முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. சில சமயம் அந்த ஒரே தொடரில் பாத்திரமே வீழ்ந்துவிடும். தொடக்கத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரே ஒரு துணைத்தாக்குதல்தான் இருந்தது. அதில் வெஜிட்டாவின் துணைத்தாக்குதல் மிகப் பயனுள்ளதாக இருந்ததால், அவனை ஆட விரும்பாதவர்கள்கூட அணியின் மூலையில் அவனை நிறுத்திவைத்தார்கள். 2020-இல் ஒவ்வொருவருக்கும் மூன்று துணைத்தாக்குதல்கள் தரப்பட்ட பிறகே அணிகள் பலவிதமாயின.

'எத்தனை கோகு!' என்ற புலம்பல் தனி வகை. 24 பாத்திரங்களோடு தொடங்கிய விளையாட்டு, கட்டணச் சேர்க்கைகளால் 44 வரை வளர்ந்தது. அதில் கோகு ஒருவனே ஐந்து வடிவங்களில் வருகிறான். அவன் உடலைத் திருடிய கோகு பிளாக்கையும், வெஜிட்டாவோடு இணைந்த வடிவங்களையும் சேர்த்தால் கணக்கு இன்னும் நீளும். தொடக்கப் பட்டியலில் பெண் பாத்திரங்கள் இருவர் மட்டுமே: ஆண்ட்ராய்டு 18, இந்த விளையாட்டுக்கென்றே படைக்கப்பட்ட ஆண்ட்ராய்டு 21. விற்பனையாளர் கோணத்தில் கோகுவே முதலீடு. வீரர்களோ பழைய தொடரின் மூலைகளில் இருந்த பாத்திரங்களைக் கேட்டார்கள். விடெல், ஆமை முனிவர் எனச் சிலர் பின்னாளில் சேர்க்கப்பட்டபோது அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது.

லாஸ் வேகஸும் அதன் பிறகும்

2018 ஆகஸ்ட் மாதம் லாஸ் வேகஸில் நடந்த ஈவோவில் டிராகன் பால் ஃபைட்டர்ஸுக்கு 2,500-க்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். அந்த ஆண்டு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-ஐயும் விஞ்சிய எண்ணிக்கை இது. அனிமே விளையாட்டு ஒன்று ஸ்ட்ரீட் ஃபைட்டரை முந்தும் என்று ஓராண்டுக்கு முன் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இறுதிச்சுற்றில் அமெரிக்காவின் சோனிக்ஃபாக்ஸும் ஜப்பானின் கோ1-உம் மோதினார்கள். முதல் தொகுப்பைக் கோ1 வென்று நிலைமையைச் சமப்படுத்தியதும், சோனிக்ஃபாக்ஸ் இருக்கையின் பக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். மாறினார்கள், அவர் வென்றார். திரையின் எந்தப் பக்கத்திலிருந்து ஆடுகிறோம் என்பது கைக்கு எவ்வளவு முக்கியம் என்று வீரர்கள் நெடுநாள் விவாதித்தார்கள். எதிராளியின் மன ஓட்டத்தைக் கலைக்கும் உத்தி என்றும் சிலர் சொன்னார்கள். அடுத்த ஆண்டு ஈவோவில் கோ1 அவரை வென்று கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

இரண்டு ஈவோக்களுக்கும் இடையில் ஒரு கலக்கம் நேர்ந்தது. 2018 இறுதியில், கலிஃபோர்னியாவில் நடக்கவிருந்த அனிமே அசென்ஷன் போட்டியின் பட்டியலிலிருந்து இந்த விளையாட்டு நீக்கப்பட்டது. 2019 தொடக்கத்தில் நடந்த ஈவோ ஜப்பானிலும் அது இடம்பெறவில்லை. உரிமைச் சிக்கல் என்று வீரர்களிடையே பேச்சு பரவியது. கால்பந்து யாருக்கும் சொந்தமில்லை. பந்து ஒன்று இருந்தால் ஆடலாம். நிகழ்பட விளையாட்டு அப்படியல்ல. அதன் கதை ஒருவருக்கு, நிரல் ஒருவருக்கு, வெளியீட்டு உரிமை ஒருவருக்குச் சொந்தம். நாளெல்லாம் பயிற்சி செய்து வாழ்வை அதில் வைத்தவர்களுக்கோ எதுவும் சொந்தமில்லை. வீரர்கள் அந்த மாதங்களில் கொதித்ததற்குக் காரணம் இதுதான். வெளியீட்டாளர் உலகச் சுற்றுப் போட்டியைத் தொடர்ந்து நடத்த முன்வந்ததும் கலக்கம் அடங்கியது.

ஆறு ஆண்டுக் கோரிக்கை

மிக நீண்டநாள் நீடித்த முறையீடு இணைய வழி ஆட்டத்தைப் பற்றியது. வெளியீட்டுக்கு முந்தைய சோதனை ஓட்டத்திலேயே இணைப்புச் சிக்கல்கள் தலைகாட்டின. ஆனால் அடிப்படைக் குறை வேறு. இந்த விளையாட்டு 'தாமத முறை'யைப் பின்பற்றியது. எதிராளி அழுத்திய பொத்தானின் செய்தி வந்துசேரும்வரை இருவர் ஆட்டத்தையும் நிறுத்திவைக்கும் முறை இது. ஒரு சட்டம் என்பது நொடியில் 60-இல் ஒரு பங்கு. அதில் ஐந்தாறு தாமதமானாலே தடுக்க வேண்டிய அடியைத் தடுக்க முடியாது. அருகருகே அமர்ந்து ஆடினால் எளிதில் தடுக்கக்கூடிய பாய்ச்சல், தொலைவிலிருந்து ஆடும்போது தடுக்க முடியாததாகிவிடும்.

இதற்கு மாற்றாக 'ரோல்பேக்' என்ற முறை உண்டு. எதிராளி என்ன செய்வார் என்று ஊகித்து ஆட்டம் நிற்காமல் ஓடும். ஊகம் தவறானால் சில சட்டங்கள் பின்னோக்கிச் சென்று திருத்திக்கொள்ளும். ஈவோவின் நிறுவனர்களில் ஒருவரான டோனி கேனன் 2006-ஆம் ஆண்டளவிலேயே இதற்கான நிரலை உருவாக்கியிருந்தார். பெரிய நிறுவனங்கள் பல அதைத் தொடத் தயங்கின.

2020-இல் பெருந்தொற்று வந்தது. அரங்குகள் மூடின. நேருக்கு நேர் ஆட முடியாதபோது இணையம் ஒன்றே வழி; அந்த வழியோ இந்த விளையாட்டுக்குச் சரியில்லை. 2021-இல் முழுக்க இணையவழியில் நடந்த ஈவோவின் பட்டியலில் டிராகன் பால் ஃபைட்டர்ஸ் இல்லை. அதே ஆண்டு, அதே ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் நிறுவனம் ரோல்பேக் முறையோடு கில்டி கியர் ஸ்ட்ரைவை வெளியிட்டபோது வீரர்களின் மனத்தாங்கல் கூடியது. செய்யத் தெரியாதவர்கள் அல்ல, செய்யாதவர்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

2022 ஈவோவில் விளையாட்டு மீண்டும் இடம்பெற்றது. பிரான்சைச் சேர்ந்த வாவா வென்றார். அந்த அரங்கிலேயே ரோல்பேக் வரப்போகிறது என்று அறிவிக்கப்பட்டது. கூட்டம் எழுப்பிய ஆரவாரம் வெற்றியாளருக்குக் கிடைத்ததற்குச் சற்றும் குறைந்ததல்ல.

அறிவிப்புக்குப் பிறகும் ஒன்றரை ஆண்டு ஆயிற்று. 2024 பிப்ரவரி இறுதியில் கணினி, பிளேஸ்டேஷன் 5, புதிய எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றுக்கு அந்த வசதி வந்தது. 2018-இல் முதலில் காசு கொடுத்து வாங்கியவர்களின் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளுக்கும், பின்னர் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் பதிப்புக்கும் அது கிடைக்கவில்லை. விட்டுப்போன வீரர்கள் பலர் திரும்பிவந்து, தொலைதூர நண்பர்களோடு முதன்முறை சீராக ஆடினார்கள். சில நாட்களுக்குள், மார்ச் 1-ஆம் தேதி அகிரா டோரியாமா காலமான செய்தி மார்ச் 8-ஆம் தேதி வெளியானது.