கேத்தலில் படியும் கல்லும் கோப்பிக் கறையும்

கோப்பிக் கறை போகவில்லை என்று நாள் முழுக்க உரஞ்சுகிறவர்களில் பலர் உண்மையில் உரஞ்சுவது கறையை அல்ல, கல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். அதற்குள்ளிருந்து வரும் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கரைந்திருக்கிறது. கொதிக்கவைத்தால் அது கல்சியம் காபனேற்றாகப் பிரிந்து கேத்தலின் அடியிலும் சுடுதண்ணிப் போத்தலின் உள்ளேயும் வெள்ளையாகப் படியும். வன்னியிலும் பல கிணறுகளில் இதே கதைதான். அந்தச் சொரசொரப்பில் கோப்பியின் எண்ணெயும் சாயமும் ஊறி மண்ணிறமாகிவிடும். சவர்க்காரத்துக்கு அது அசையாது.

ஆகவே முதலில் புளிப்பு, பிறகு சோடா. வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்கப் பொங்கக் கழுவும் முறையைப் பலர் சொல்கிறார்கள். நுரை பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் ஒன்றையொன்று முறித்துவிடுவதால் இரண்டும் வீண்.

கேத்தலுக்கு ஒரு பங்கு வினாகிரி, இரண்டு பங்கு தண்ணீர். வினாகிரி இல்லையென்றால் மூன்று நான்கு தேசிக்காயின் சாறு போதும். கொதிக்கவைத்து இறக்கி அரை மணித்தியாலம் விடுங்கள். கல் கரைந்தோ செதிலாகவோ கழன்றுவிடும். பழைய கல்லென்றால் இரண்டாம் தடவை செய்ய வேண்டிவரும். மின்சாரக் கேத்தலை ஒருபோதும் தண்ணீரில் அமிழ்த்தாதீர்கள். உள்ளே மட்டும் ஊற்றிக் கழுவுங்கள். பிறகு வெறும் தண்ணீரை இரண்டு முறை கொதிக்கவைத்து ஊற்றினால் மணம் போய்விடும்.

சுடுதண்ணிப் போத்தலிலும் இப்படியே கல்லை எடுத்தபின், இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடா போட்டுச் சுடுதண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்காமல் இரவு முழுக்க விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு கழன்றுவிடும். மிச்சமிருந்தால் ஒரு பிடி பச்சையரிசியும் கொஞ்சத் தண்ணீரும் போட்டு மெல்லக் குலுக்கலாம். மணலோ சிறுகல்லோ வேண்டாம், உள்ளே இருப்பது கண்ணாடி. குளிர்ந்த போத்தலுக்குள் கொதிநீரை ஒரேயடியாக ஊற்றினாலும் வெடிக்கும்.

அலுமினியத்துக்குச் சலவைச்சோடா கூடவே கூடாது. அது உலோகத்தையே அரிக்கும். கறுத்துப்போன அலுமினியக் கேத்தலில் புளித்தண்ணீரைச் சிறிது நேரம் கொதிக்கவிட்டால் கறுப்பு இளகும்.

பித்தளை மூக்குப்பேணிக்கும் புளிதான். ஆனால் ஊறவிடக் கூடாது. பூசி, துணியால் துடைத்து, உடனே கழுவி ஈரம் ஒற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அப்பப்பாவின் பெயர் வெட்டிய பேணி ஒன்று இருக்கிறது. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது உடுப்புப் பைக்குள் வந்தது. கம்பித் தும்பாலும் சாம்பலாலும் மினுக்கி மினுக்கியே இப்படியான பாத்திரங்களில் எழுத்துத் தேய்ந்துபோகிறது. சில வீடுகளில் பெயருக்குரியவர் இன்னும் திரும்பி வரவில்லை, பாத்திரம் மட்டும் இருக்கிறது. அங்கே வெட்டெழுத்துக்குள் இருக்கும் கறுப்பை எடுக்கவே வேண்டாம் என்பேன். எழுத்தைத் துலக்கிக் காட்டுவதே அந்தக் கறுப்புத்தான்.

பீங்கான் கோப்பையின் உள்வட்டக் கறைக்கு ஈர அப்பச்சோடாவை விரலால் தேய்த்தால் போதும். கோப்பி வடிக்கிற துணியை வாசனைச் சவர்க்காரத்தில் தோய்க்காதீர்கள். மணம் அடுத்த கோப்பியில் ஏறும். சோடாத் தண்ணீரில் அவித்து வெயிலில் காயவிடுங்கள்.

கறை வெளுக்கும் என்று குளோரினை எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அது வினாகிரியோடோ தேசிக்காயோடோ சேர்ந்தால் நச்சுவாயு வெளிவரும். யன்னல் பூட்டிய குசினியில் அது மூச்சையே அடைக்கும். எவர்சில்வரிலும் அது புள்ளி புள்ளியாகக் கறள் ஏற்றும். கோப்பிப் பாத்திரத்துக்கு அது தேவையே இல்லை.