ஐயாவின் கடன் கொப்பிகள்

வெள்ளவத்தையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் நெசவாலையில் தொடங்குவார்கள். பிறகு கோயில்கள், பள்ளிக்கூடங்கள், 1942இல் உருவான கொழும்புத் தமிழ்ச் சங்கம் என்று போவார்கள். ஒழுங்கை முனைச் சில்லறைக் கடைகளுக்கு ஒரு பந்திகூடக் கிடைப்பதில்லை. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் அப்படியொரு கடையை நான் நடத்துகிறேன். ஐயா நடத்திய கடை. அவர் விட்டுப்போன பொருள்களில் எனக்கு எல்லாவற்றிலும் பெரிது ஒரு றங்குப்பெட்டி நிறையக் கிடக்கும் சீ.ஆர். கொப்பிகள், அதாவது கடன் கணக்குகள். இந்த ஊரில் தமிழ்ச் சனம் எப்படி வாழ்ந்தது என்பதை அவற்றைவிட நேர்மையாகச் சொல்லும் எழுத்தை நான் வாசித்ததில்லை.

ஐயா புங்குடுதீவார். அந்தத் தீவிலிருந்தும் வேலணை, காரைநகர்ப் பக்கங்களிலிருந்தும் தென்னிலங்கைப் பட்டணங்களுக்குக் கடை வைக்கப் போனவர்கள் பல தலைமுறையினர். சுருட்டுக்கடை, சைவச் சாப்பாட்டுக்கடை, பலசரக்குக்கடை. காகம் பறவாத இடமுமில்லை, காரைதீவான் போகாத இடமுமில்லை என்று ஊரில் சொல்வார்கள். போனவர்கள் தனியாகப் போகவில்லை. முதலில் போனவர் சொந்தக்காரப் பொடியன் ஒருவனைக் கூப்பிடுவார். அவன் கடையிலேயே தின்று, சாக்கின் மேல் படுத்து, தொழில் பழகுவான். சம்பளம் கைக்கு வராது, முதலாளியிடம் கணக்கில் நிற்கும். சில வருடம் கழித்து அந்தக் காசோடு முதலாளியும் கொஞ்சம் போட்டு இன்னொரு கடை திறந்து கொடுப்பார். வங்கி வாசலை மிதிக்காமல் ஒரு சமூகம் முதல் தேடிய வழி இதுதான். கடும் உழைப்பையும் அது விழுங்கியது. பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகளின் கணக்கை எந்தப் பேரேட்டிலும் எழுதவில்லை.

ஐயா வந்தது 1956இல். யாழ்தேவி ஓடத் தொடங்கியதும் அந்த வருடந்தான், தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அந்த வருடந்தான். வந்து சேர்ந்தது கொட்டாஞ்சேனையில் பெரியப்பா முறையான ஒருவரின் கடைக்கு. விடியமுன் நாலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் வெங்காயமும் மிளகாயும் விலைபேசி, நாட்டாமை தூக்கிவிட, கைவண்டியில் கொண்டுவர வேண்டும். துறைமுகத்தில் நாட்கூலிக்குப் போனவர்கள் அங்கே வாடிக்கை. காலையில் கடன், மாலையில் காசு. ஐந்து சதத்துக்குத் தேங்காயெண்ணெய் கேட்டாலும் முகம் சுளிக்கக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். 1958 கலவரத்தையும் அவர் அங்கேதான் கண்டார். அதைப் பற்றி வீட்டில் பேசியதில்லை.

வெள்ளவத்தையில் தன் கடையைத் திறந்தபோது கடனின் கால அளவே மாறிவிட்டது. இங்கே வாடிக்கை அரசாங்க லிகிதர்கள். நாலைந்து பேர் சேர்ந்து வீடெடுத்துச் சமைத்துத் தின்ற சமறிகள் ஒழுங்கைக்கு ஒன்றாவது இருக்கும். மாதச் சம்பளக்காரருக்கு மாதக் கடன். கொட்டாஞ்சேனையில் ஐயா கணக்கை மனதில் வைத்திருந்தார்; இங்கே கொப்பி தேவைப்பட்டது.

ஒரு கொப்பியைத் திறந்தால் மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழ் ‘லாபம்’. ஆளின் பெயர் அநேகமாக இராது. ‘மேல்வீட்டு ரீச்சர்’, ‘தபால் கந்தோர் மாமா’, ‘சமறி 4 பேர்’, ‘சிவப்புக் கேற்’. கீழே மல்லி கால் றாத்தல், நல்லெண்ணெய் அரைப் போத்தல், சுருட்டு 2, பனங்கட்டிக் குட்டான் 1. சம்பளம் வந்ததும் முழுப் பக்கத்துக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, பக்கத்தில் ‘சரி’. பக்கங்களைத் தொடர்ந்து வாசித்தால் வீடுகள் தெரியத் தொடங்கும். ஒரு வீட்டில் அரிசி திடீரென்று இரண்டு மடங்காகும். ஊரிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் சுருட்டு நின்றுவிடும், கிழவர் போய்விட்டார். எழுபதுகளின் முதற்பாதிக் கொப்பிகளில் சீனியும் கோதுமை மாவும் அருகிப்போய்க் குரக்கன் மாவும் மரவள்ளியும் ஏறிவருகின்றன. இறக்குமதியை அரசு இறுக்கிப்பிடித்த காலம் அது. வடக்கில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் செய்த கமக்காரர் தலைநிமிர்ந்த அதே வருடங்களில் கொழும்புத் தமிழ் லிகிதர் குரக்கன் பிட்டுத் தின்றிருக்கிறார். இரண்டும் ஒரே கொப்பியில் இருக்கின்றன, மிளகாயின் விலையாகவும் மாவின் அளவாகவும். நாடு கிலோவுக்கு மாறிய பிறகும் ஐயாவின் கை கனகாலம் றாத்தலைத்தான் எழுதியது.

1983 யூலை 23 இரவு திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் மாலை அவர்களின் அடக்கத்துக்காகப் பொரளை கனத்தை மயானத்தில் கூடிய கூட்டம் அன்றிரவே தீ வைக்கத் தொடங்கியது. 25ஆம் திகதி திங்கட்கிழமை வெள்ளவத்தை எரிந்தது. வந்தவர்கள் சிலரின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எங்கள் கடையும் போனது. எனக்கு அப்போது பத்து வயது. நாங்கள் இருந்த வீட்டின் சொந்தக்காரர் சிங்களவர், அதனால் வீடு தப்பியது; முடிந்த கொப்பிகளை ஐயா வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார் என்பதால் அவையும் தப்பின. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்தோம். பிறகு லங்கா கல்யாணி கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். எரிந்த சொத்துகளை அவசரகால ஒழுங்குவிதியின் கீழ் அரசு பொறுப்பேற்றது. ரெப்பியா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அதிகாரசபையிடம் சொந்தக்காரரே தன் இடத்துக்கு விண்ணப்பம் போடவேண்டும். ஐயா வாடகைக்காரர், அவருக்கு அதுகூட இல்லை.

அடுத்த வருடம் திரும்பி வந்து, பக்கத்து ஒழுங்கையில் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்தார். நடப்புக் கொப்பி எரிந்துவிட்டது, ஆகையால் யார் எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. மிஞ்சியிருந்த வாடிக்கையாளர் வந்து தாங்களாகவே சொன்னார்கள். “அண்ணை, எண்பத்தேழு ரூபாயும் சில்லறையும் வரும், எழுதுங்கோ” என்பார்கள். அவர் எழுதினார். 1984இன் முதற் கொப்பி அப்படித்தான் தொடங்குகிறது, பொருள் ஒன்றும் இல்லாமல் வெறும் தொகைகளோடு. சொல்லாமல் இருந்தவர்களும் உண்டு, கப்பலேறிப் போய் வராதவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி ஐயா ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளில் ஏ9 பாதை மூடிக்கிடக்க, வடக்குச் சனம் கொழும்பு லொட்ஜுகளில் விசாவுக்கும் பாஸ்போட்டுக்கும் காத்துக் கிடந்தது. கொப்பியில் ‘லொட்ஜ் 3ஆம் றூம்’ வருகிறது: பாண் கால் றாத்தல், முட்டை 1, ரெலிபோன் காட் 1. 2007 யூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளிலிருந்து 376 பேரைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி அனுப்பியது. மறுநாள் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அந்த வாரத்துப் பக்கங்களில் சில கணக்குகளுக்குச் சிவப்புக் கோடு இல்லை.

தகப்பன் கடையைத் தொடர்ந்த பிள்ளைகளில் எல்லாருக்கும் தெரிந்தவர் பூபாலசிங்கம் புத்தகசாலையின் ஸ்ரீதரசிங். யாழ்ப்பாணத்தில் அவர் தந்தையின் கடை 1981இல், பொது நூலகம் எரிந்த அதே நாட்களில் எரிக்கப்பட்டது. மகன் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் அதே பெயரில் புத்தகம் விற்றார். டொமினிக் ஜீவா தகப்பனின் ஜோசப் சலூனில் முடிவெட்டிக்கொண்டே 1966இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கினார். பிற்காலத்தில் அதைக் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து நடத்தினார். இவர்களை இலக்கியக்காரர் எழுதிவைத்தார்கள். மல்லியும் பருப்பும் விற்றவர்களை ஒருவரும் எழுதவில்லை.

ஐயா 2014இல் காலமானார். தம்பிமார் ரொறன்ரோவில், கடையைக் கொடுத்துவிடச் சொன்னார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அந்தியேட்டி முடிந்த கிழமை ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் வந்து, “பிள்ளை, கொப்பாவிட்டை நான் தரவேண்டியது இருக்கு” என்று காசை நீட்டியபோது முடிவெடுத்தேன். இன்று பெரிய சுப்பர்மாக்கற்றுகள் நடக்கிற தூரத்தில். அங்கே அட்டை இருந்தால் கடன் உண்டு. பென்சன்காரக் கிழவிக்கு மாத முடிவு வரை அரிசி கொடுப்பதற்கு ஆள் வேண்டும். 2022இல் பால்மாவுக்கு வரிசை நின்ற மாதங்களில் எந்த வீட்டில் கைக்குழந்தை என்று கொப்பியைப் பார்த்துத்தான் பக்கெற்றுகளை எடுத்துவைத்தேன். அந்த முறை ஐயாவுடையது.

இதை வாசிக்கிறவர்களில் கடைக்காரரின் பிள்ளைகள் கட்டாயம் இருப்பீர்கள், ஸ்காபரோவிலோ லண்டனிலோ. வீட்டில் பழைய கணக்குக் கொப்பி, சிட்டை, பற்றுச்சீட்டு கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். 2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்திடம் கொடுத்து வையுங்கள். கடையின் பெயர், ஒழுங்கை, ஆண்டு மூன்றையும் முதற் பக்கத்தில் எழுதுங்கள். கடன்பட்டவரின் பெயர் இருந்தால் அதை மட்டும் மறைத்துவிடுங்கள்.